எனக்குச் சொல்லாத ஸலாம்

எண்பதுகளின் தொடக்கம். நான் கல்யாணம் முடித்து மருதமுனைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகவேண்டும். நான் கல்முனையிலிருந்து போனேன். சைக்கிளில் ஒரு மிதி மிதித்தால் போய்விடும் தூரந்தான். ஆனாலும் புது வீடு, புது மாமி, புதுத் தெரு, வேலிக்கு அந்தப் பக்கம் புது அயல். நான் கொண்டுபோன ஒரே பழைய சாமான் என் வாய். அதைக் கல்முனையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம் என்று மாமி பிற்காலத்தில் பல தடவை சொல்லியிருக்கிறார்.

அந்த வாய்க்குத் தீனி போடுவது என் காதும் கண்ணும். தெருவில் இரண்டு பேர் குரலைத் தாழ்த்திக் கதைத்தால் என் சைக்கிள் தானாகவே மெதுவாகும். குரலும் அப்படித்தான். நான் வாசலில் நின்று ஸலாம் சொன்னால் மூன்று வளவுக்கு அப்பால் இருப்பவர்களும் பதில் சொல்வார்கள்.

அப்போது எனக்குத் தொழில் சாறன் வியாபாரம், லுங்கி என்றும் சொல்வார்கள். மருதமுனைத் தறிகளில் நெய்த சாறன்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நாவிதன்வெளி, சவளக்கடைப் பக்கம் வெள்ளாமை வெட்டும் காலத்தில் போவேன். அப்படிப் போன ஒரு நாள், சவளக்கடையில் ஒரு வீட்டு முற்றத்தில் ஆட்கள் கூடி நிற்பதைக் கண்டேன். என்ன சங்கதி என்று கழுத்தைத் திருப்பினேன். கழுத்து திரும்பிய பக்கம் சைக்கிள் திரும்பவில்லை. அது நேராக வாய்க்காலுக்குள் போயிற்று. நானும் போனேன், சாறன்களும் போயின. முற்றத்தில் நின்ற கூட்டம் ஓடி வந்து என்னைத் தூக்கியது. அவர்கள் ஒரு மாட்டுக்கு மருந்து பருக்கிக்கொண்டிருந்தார்களாம். அந்த மாடு பிழைத்துக்கொண்டது. எனக்குக் கணுக்காலில் முறிவு.

முறிவு வைத்தியர் மூங்கில் சிலாகை வைத்துக் கட்டி, நிலத்தில் கால் ஊன்றக்கூடாது என்று கட்டளையிட்டுவிட்டார். வீட்டின் தெற்குப் பக்க அறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு முருங்கை மரம், அதற்கு அப்பால் தென்னோலைக் கிடுகு வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு. என்னைப் போன்ற ஒருவனைப் படுக்க வைக்க அதைவிட மோசமான இடம் ஊரில் இருந்திருக்காது.

அடுத்த வீட்டில் ஒரு இளம் பெண் இத்தா இருந்தார். கணவர் மௌத்தான, அதாவது இறந்துபோன பெண், நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வராமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் காலம் அது. அவருடைய கணவர் சவூதிக்கு வேலைக்குப் போய், அங்கே வாகன விபத்தில் மௌத்தாகி, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டுவிட்டார். ஜனாஸா ஊருக்கு வரவில்லை. முகத்தைக்கூட யாரும் காணவில்லை. அவர் சவூதிக்குப் போனதன் பிறகுதான் நான் மாப்பிள்ளையாக வந்தேன் என்பதால் எனக்கு அவரைத் தெரியாது. அந்த வீட்டில் இப்போது அந்தப் பெண்ணும் அவருடைய உம்மாவுந்தான். உம்மா வெள்ளிக்கிழமை மதியம் மூத்த மகள் வீட்டுக்குச் சோறு கொண்டுபோவார். அந்தப் பெண்ணின் காக்கா ஒருவர் அடுத்த தெருவில் இருந்து, காலையும் மாலையும் வந்து தேவைகளைப் பார்த்துவிட்டுப் போவார். காக்கா என்றால் கூடப்பிறந்த மூத்தவர். பேச்சு குறைவு, கோபம் அதிகம்.

மருதமுனையில் மற்ற நாட்களில் ஒட்டுக்கேட்பது சிரமம். விடிந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் தறிச் சத்தம். பக்கத்தில் இருப்பவர் கதைப்பதே காதில் விழாது. ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் வந்தால் தறிகளெல்லாம் நின்றுவிடும். ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலில். ஊரே மூச்சை அடக்கிக்கொண்டதுபோல இருக்கும். கால் முறிந்தவனுக்குப் பள்ளிக்குப் போகாதிருக்க அனுமதி உண்டு. நான் படுத்துக்கொண்டு தூரத்தில் கேட்கும் குத்பாப் பிரசங்கத்துக்குக் காது கொடுத்திருந்தேன்.

குத்பாவுக்கு நடுவில் எனக்கு ஒரு ஆண் குரல் கேட்டது. பள்ளிவாசல் பக்கமிருந்து அல்ல, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து.

முதலில் நம்பவில்லை. தலையணையிலிருந்து தலையைத் தூக்கினேன். ஆண் குரல்தான். மெதுவான, சிரிப்புக் கலந்த குரல். ஏதோ கேட்டது. கொஞ்சம் இடைவெளி. பெண் குரல் பதில் சொன்னது. திரும்பவும் ஆண் குரல். திரும்பவும் பெண். சொற்கள் துண்டு துண்டாகத்தான் விழுந்தன. "மாதுளங்கண்டு பூத்திச்சா?" என்றது ஆண் குரல். "ஓம், ரெண்டு பூ," என்றது பெண் குரல். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

இத்தா வீட்டில், உம்மா வெளியே போன நேரம் பார்த்து, ஊர் ஆண்கள் எல்லாம் பள்ளியில் இருக்கும் நேரம் பார்த்து, ஒரு ஆம்பிளை உள்ளே இருந்து மாதுளம்பூ பற்றிக் கதைக்கிறான். எனக்குக் கால் வலி முற்றாகப் போய்விட்டது.

மனைவி சோறு கொண்டுவந்தபோது குரலைத் தாழ்த்திச் சொன்னேன். அவள் கோப்பையை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அது அவங்கட ஊடு. அங்க என்ன நடந்தா ஒங்களுக்கென்ன? கால் முறிஞ்சது காணாதா, வாயும் முறியணுமா?"

"நான் சும்மா செல்லுறன் புள்ள."

"நீங்க சும்மா செல்லுறதுதான் ஊரெல்லாம் போறது. மூடிக்கிட்டுத் தின்னுங்க."

மூடிக்கொண்டு எப்படித் தின்பது என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அந்தக் கிழமையே என் கூட்டாளி ஒருவன் தோடம்பழத்தோடு என்னைப் பார்க்க வந்தான். அவனும் சாறன் வியாபாரிதான், என்னைப் போல வாயாடி அல்ல. படுத்துப் படுத்து அலுத்துப்போனவனுக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டால் சும்மா இருக்க முடியுமா? "நீங்கெல்லாம் பள்ளியில ஜும்ஆ தொழுறீங்க, எங்கட வேலிக்கு அங்கால வேற ஜும்ஆ நடக்குது," என்று தொடங்கி, மாதுளம்பூவரை சொல்லி முடித்தேன். ஆண் குரலையும் பெண் குரலையும் நடித்தே காட்டினேன். அவன் சிரிப்பான் என்று பார்த்தால், முகம் கறுத்துவிட்டது. பாதித் தோடம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "மெய்தானா?" என்றான்.

"என்ட காதால கேட்டன்."

அவன் எழும்பிப் போய்விட்டான். அவனுக்குப் பகிடி தெரியாது என்று நினைத்துக்கொண்டு மிச்சத் தோடம்பழத்தையும் நானே உரித்துத் தின்றேன்.

அடுத்த வெள்ளி வந்தது. தறிகள் நின்றன. மாமியும் மனைவியும் பின்பக்கம் குசினியில். அடுத்த வீட்டு உம்மா சோற்றுப் பெட்டியோடு மூத்த மகள் வீட்டுக்குப் போவதை ஜன்னலால் பார்த்தேன். இதற்கு மேல் கட்டிலில் கிடக்க என் உடம்பு சம்மதிக்கவில்லை. மாமியின் விளக்குமாற்றைக் கக்கத்தில் ஊன்றிக்கொண்டு, ஒற்றைக் காலில் தத்தித் தத்தி, முருங்கை மரத்தைப் பிடித்து, வேலிக்குக் கிட்டப் போய் நின்றேன். கொக்கு மீனுக்கு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கொக்குக்காவது மீன் வயிற்றுப்பாடு.

ஒரு கிடுகை விரலால் நீக்கினேன். அந்த வீட்டு ஜன்னல் தெரிந்தது. திரை போட்டிருந்தார்கள். உள்ளே ஏதோ 'டக்' என்று ஒரு சிறு சத்தம். கதவுத் தாழ்ப்பாளாக்கும், ஆள் வந்துவிட்டான் என்று நினைத்து மூச்சை அடக்கினேன்.

அந்த ஆண் குரல் தெளிவாக, கணீரென்று சொன்னது: "அஸ்ஸலாமு அலைக்கும்!"

"வஅலைக்குமுஸ்ஸலாம்!" என்றேன் நான்.

சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. பேச்சு வந்த நாளிலிருந்து ஸலாம் கேட்டால் பதில் சொல்லிப் பழகிய வாய். மூன்று வளவுக்குக் கேட்கும் குரல். ஒளிந்து நிற்பது காலுக்குத் தெரிந்திருந்தது, கண்ணுக்குத் தெரிந்திருந்தது, வாய்க்கு மட்டும் நான் சொல்ல மறந்துவிட்டேன்.

உள்ளே அந்தப் பெண் வீரிட்டுக் கத்தினார். அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

ஆனால் என் உடம்பை விறைக்க வைத்தது அந்தக் கத்தல் அல்ல. அவர் கத்துகிறார், அந்த ஆண் குரல் நிற்கவில்லை. அதே சிரிப்போடு, அதே நிதானத்தோடு, "ஆ… சரி. சுகமா இரிக்கியா புள்ள?" என்று கேட்டது. ஒரு இடைவெளி விட்டது. "உம்மா சுகமா?" என்றது. இன்னொரு இடைவெளி. பக்கத்தில் ஒரு பெண் உயிர் போகக் கத்தும்போது உயிருள்ள எந்த மனிதன் இப்படிச் சுகம் விசாரித்துக்கொண்டிருப்பான்?

அப்போதுதான் எனக்கு விளங்கியது. உள்ளே ஆம்பிளை இல்லை. கெசட் ரேடியோவில் ஒலிநாடா ஓடுகிறது.

அந்தக் காலத்தில் சவூதிக்குப் போனவர்கள் கடிதம் எழுதுவதோடு, கெசட்டில் கதைத்தும் ஊருக்கு வருபவர்களிடம் கொடுத்தனுப்புவார்கள். இந்த மனிதர் ஒரு படி மேலே போயிருக்கிறார். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் மனைவி பதில் சொல்வதற்கு இடம் விட்டு, பதிலைக் கேட்டவர்போல "ஆ, சரி" என்று தொடர்ந்து கதைத்திருக்கிறார். அந்தப் பெண் அந்த இடங்களில் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். மண்ணுக்குள் போன மனிதரோடு வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கதை கதைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதைத்தான் நான் தோடம்பழத்துக்கு நடித்துக் காட்டினேன்.

விளக்குமாறு சறுக்கியது. நான் அப்படியே வேலியின் மேல் சாய்ந்தேன். அது உக்கிப்போன கிடுகு. வேலியோடு சேர்ந்து அடுத்த வளவுக்குள் விழுந்தேன். இடுப்புக்கு மேலே அவர்கள் வீடு, இடுப்புக்குக் கீழே எங்கள் வீடு.

'டக்' என்று திரும்பவும் அந்தச் சத்தம். குரல் நின்றது. திரைக்குப் பின்னாலிருந்து நடுங்கிய பெண் குரல் வந்தது.

"ஆரு?"

"பக்கத்து ஊட்டு மருமகன், தங்கச்சி. விழுந்திட்டன்."

அவர் அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னார்: "காக்காக்குச் செல்லிடாதீங்க. எல்லாக் கெசட்டையும் எடுத்திட்டுப் போயிட்டார், மௌத்தானவங்கட குரலக் கேட்டா புத்தி மாறாட்டமாப் போகுமெண்டு. இது ஒண்டுதான் மிச்சம். தையல் மிசின் லாச்சிக்குள்ள ஒளிச்சு வெச்சிரிக்கன். அல்லாஹ்வுக்காகச் செல்லிடாதீங்க."

"செல்லமாட்டன் தங்கச்சி," என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, ஒழுங்கையில் காலடிச் சத்தம். ஜும்ஆ முடிந்திருந்தது. முன்னால் காக்கா, பின்னால் என் தோடம்பழக் கூட்டாளி. அவன் ஊரெல்லாம் சொல்லித் திரியவில்லை. உரியவரிடம் மட்டும் போய்ச் சொல்லியிருக்கிறான். இரண்டு பேரும் ஆளைக் கையோடு பிடிக்க, தொழுத கையோடு ஓடி வந்திருக்கிறார்கள். வரும் வழியில் அந்தக் கத்தலும் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது.

காக்கா படலையைத் தள்ளித் திறந்துகொண்டு வந்தார். கிடுகுக்கு நடுவில் கிடந்த என்னைக் கண்டு நின்றார்.

"உள்ளுக்க ஆரு? ஆரு அந்த ஆம்பிள?"

உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணின் மானம் தப்பும், அவருடைய கடைசிக் கெசட் போய்விடும். சொல்லாவிட்டால் கெசட் தப்பும், மானம் போய்விடும். என் வாழ்நாளில் முதல் தடவையாக வாயைத் திறப்பதற்கு முன் யோசித்தேன்.

"உள்ளுக்க ஒருத்தருமில்ல காக்கா. நான்தான் கத்தினன். முருங்கக்காய் புடுங்க வந்து விழுந்திட்டன். என்ட சத்தத்துக்குத் தங்கச்சி பயந்திட்டா."

"ஒத்தக் காலோட முருங்கக்காயா?" என்றார். என் கக்கத்து விளக்குமாற்றைப் பார்த்தார். அந்த மரத்தில் அந்த நேரம் ஒரு காய்கூட இருக்கவில்லை. நல்லவேளை, யாரும் மேலே பார்க்கவில்லை.

கூட்டாளி முன்னுக்கு வந்தான். "போன கிழமை கேட்டெண்டு சென்னியே, அந்த ஆம்பிளக் குரல்?"

"அது… நான் சும்மா சென்ன."

"சும்மாவா?"

"ஓம். படுத்துக் கிடந்து அலுப்பா இரிந்திச்சி. ஒன்னச் சிரிக்க வைக்கிறதுக்குக் கட்டிச் சென்ன கதை."

அவன் முகம் போன போக்கை என்னால் எழுத முடியவில்லை. "ஒரு இத்தாப் பொண்ணப் பத்தியாடா கதை கட்டினாய்? நான் காக்காட முகத்தப் பாத்துச் செல்லிட்டனேடா!" என்றான். நிலத்தில் துப்பிவிட்டுப் போனான். அதன் பிறகு நெடுங்காலம் அவன் என்னோடு கதைக்கவில்லை. நான் வரும் தேத்தண்ணிக் கடையை விட்டு எழும்பிப் போவான்.

காக்கா குனிந்து என் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடினேன். அதற்குள் மாமி அகப்பையோடு ஓடி வந்துவிட்டார். "மருமகனே, இதென்ன கோலம்!" என்ற அவருடைய கதறலைக் கேட்டு, காக்கா என்னைத் திரும்பவும் கிடுகுக்கு மேலேயே போட்டார். "இந்த ஊட்டு மருமகன் எண்டதால உடுறன். ஒன்ட வாயில மண் உழும்," என்றார். அது ஏற்கெனவே விழுந்திருந்தது. கிடுகுத் தூள் வேறு. நான் தலையாட்டினேன்.

ஊருக்குள் நான் இத்தா வீட்டை எட்டிப் பார்க்கப்போய் வேலியோடு விழுந்தவன் ஆனேன். முருங்கைக்காய் மாப்பிள்ளை என்ற பட்டமும் கிடைத்தது. சந்தையில் சாறன் கேட்டு வருபவர்கள், "முருங்கக்காயும் இரிக்கா?" என்று கேட்டார்கள். உண்மையை மனைவிக்கு மட்டும் சொன்னேன். அவள் என் கட்டிலை இழுத்து வடக்குப் பக்க அறையில் போட்டாள். அங்கே ஜன்னலைத் திறந்தால் ஒரு கோழிக்கூடு. கோழிகளுக்கு மறைக்க ஒன்றும் இருக்கவில்லை.

எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கேட்டது பிழைதான், சொன்னது அதைவிடப் பிழைதான், ஆனால் பெயரைக் கெடுத்துக்கொண்டு ஒரு பெண்ணின் கெசட்டைக் காப்பாற்றிவிட்டேனே, கணக்குச் சரிதானே என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணைப் பயமுறுத்திவிட்டேன் என்பது ஒன்றுதான் உறுத்தியது.

இத்தா முடிந்து கொஞ்ச நாளில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவியோடு உள்ளே இருந்தார். நான் திரைக்கு வெளியே இருந்தேன். இந்தத் தடவை ஒட்டுக்கேட்கவில்லை. அவரே எனக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்திச் சொன்னார், கோபமில்லாமல்.

"அண்டைக்கு நான் பயத்தில கத்தினதெண்டு ஒங்கட மனிசன் நினைச்சிக்கிட்டு இரிக்கிறாராக்கும். பயத்தில இல்ல. எங்கட ஊட்டுக்கார மனிசனும் இவரப் போலப் பகிடிக்காரர்தான். ஒளிச்சி நிண்டு கூப்பிடுவார். வெளிய ஆம்பிளக் குரல் ஸலாத்துக்குப் பதில் சென்னதும், மௌத்தெண்டு வந்த செய்தியெல்லாம் பொய், மனிசன் வந்திட்டார், வேலிக்கு அங்கால நிண்டு தன்ட ஸலாத்துக்குத் தானே பதில் செல்லிப் பகிடி உடுறார் எண்டு நினைச்சிட்டன். சந்தோசத்தில கத்தினன்."

உள்ளே என் மனைவி விம்முவது கேட்டது. காப்பாற்றிவிட்டேன் என்று நான் போட்டு வைத்திருந்த கணக்கு அந்த இடத்திலேயே பிழையாகிவிட்டது. முகம் காணாத மௌத்து அது. அந்தப் பெண்ணின் மனதில் எங்கோ ஒரு மூலையில் கதவு இன்னும் சாத்தாமல் இருந்திருக்கிறது. என் வாய் அதை ஒரு கணம் அகலத் திறந்து காட்டி, அடுத்த கணம், "பக்கத்து ஊட்டு மருமகன், தங்கச்சி" என்று அறைந்து மூடிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு அந்த மனிதர் இரண்டாம் தடவையும் மௌத்தானார், அந்தத் தடவை என் கையால்.

அவர் இப்போதும் எங்களுக்குப் பக்கத்து வீடுதான். இதை எழுதலாமா என்று மனைவியை அனுப்பிக் கேட்டேன். "பேர் போடாம எழுதச் செல்லுங்க. முருங்கக்காயையும் உட்டுடாமப் போடச் செல்லுங்க," என்று சிரித்தாராம். வேலி இருந்த இடத்தில் இன்று மதில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து வரும்போது அந்த மதிலுக்கு அப்பாலிருந்து சில நேரம் யாரோ யாருக்கோ சொல்லும் ஸலாம் கேட்கும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என் வாய் திறக்கத்தான் பார்க்கிறது. அது எனக்குச் சொல்லாத ஸலாம் என்று நினைவுபடுத்தி, பதிலை மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டு, நடையைக் கொஞ்சம் எட்டிப் போடுகிறேன்.